வீட்டையும் பாத்துக்கிட்டு ஃப்ரீலான்ஸ் வேலை: எங்க ஆரம்பிக்கிறது, யார்கிட்ட கேக்குறது

வீட்டுல இருந்தே பாக்குற மாதிரி ஏதாவது வேலை சொல்லுங்களேன்னு எனக்கு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கும். கேக்குறவங்க நல்லா படிச்சிருப்பாங்க, முதல் குழந்தை பொறக்குற வரைக்கும் பேங்க்லயோ ஐடி கம்பெனிலயோ ஸ்கூல்லயோ வேலை பாத்திருப்பாங்க, அதுக்கப்புறம் பெரிய கேப். இப்பல்லாம் அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியாம வேலைய விட்டுட்டு வீட்டோட இருக்குற ஆம்பளைங்களும் கேக்குறாங்க. எல்லாரும் முதல்ல கேக்குறது, என்ன வேலை இருக்குன்னு. அத ரெண்டாவதா வச்சுக்கலாம்னு நான் சொல்லுவேன். முதல்ல உங்க வீட்டு நேரம் எப்படிப்பட்டதுன்னு பாருங்க. அந்த நேரத்துக்கு ஒத்து வராத வேலைய எடுத்தா, எவ்வளவு திறமை இருந்தாலும் ரெண்டு மாசத்துல விட்டுடுவோம், விட்டுட்டு நமக்கு துப்பு இல்லன்னு வேற நினைச்சுக்குவோம், அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

நான் மொழிபெயர்ப்பும் ப்ரூஃபும் (அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்துறது) பாக்குறேன், என் நாத்தனார் ஜிஎஸ்டி கணக்கு பாக்குறாங்க. அதனால இந்த ரெண்டையும் கொஞ்சம் விரிவா சொல்றேன், மத்தத சுருக்கமா சொல்றேன்.

ஒரு வாரம் நேரத்த எழுதிப் பாருங்க

ஒரு பழைய நோட்டு போதும். காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் எந்த நேரம் உங்க கையில இருந்துச்சுன்னு எழுதுங்க, எவ்வளவு நேரம்னு மட்டும் எழுதாம எப்படிப்பட்ட நேரம்னும் பக்கத்துல எழுதுங்க. எல்லாம் ஒரே மாதிரி நேரம் இல்ல. வேன் வந்து புள்ளைங்க போயி, சமையல் முடிஞ்சு, பாத்திரமும் தேச்சுட்டு 10 மணிக்கு மேல 12.30 வரைக்கும் கிடைக்கிறது கதவ சாத்திட்டு உக்காரக்கூடிய நேரம். சாயங்காலம் புள்ள ஹோம்வொர்க் பண்ணும்போது பக்கத்துல உக்காந்திருக்கிற நேரம் கண்ணு ஸ்க்ரீன்ல இருந்தாலும் காது புள்ளகிட்டதான் இருக்கும், அதுல இன்வாய்ஸ் போடலாம், மெயிலுக்கு பதில் எழுதலாம், புதுசா யோசிச்சு எதையும் எழுத முடியாது. அப்புறம் வெளியில காத்திருக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கு. மாமனாருக்கு டயாலிசிஸ்னா பொதுவா வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம் ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கணும், அது எந்தெந்த நாள்னு முன்னாடியே தெரியும், அதனால ப்ரூஃப் பாக்க வேண்டிய பிடிஎஃப்ப லேப்டாப்புல ஏத்திக்கிட்டுப் போனா நிம்மதியா வேலை ஓடும். நெட் கூட வேண்டாம்.

முதல் வகை நேரம் வாரத்துக்கு 10 மணி நேரம் தேறினாலே ஆரம்பிச்சுடலாம். அதுவும் தேறலன்னா வேலைய தேடுறதுக்கு முன்னாடி வீட்டுல பேசணும், அதுக்கு கடைசில வர்றேன்.

இதுல இன்னொரு விஷயம் புரிஞ்சுக்கணும். வீட்டுல இருந்து பாக்குற வேலை எல்லாம் நம்ம நேரத்துக்கு பாக்குற வேலை கிடையாது. சில வேலைக்கு நீங்க அந்த நேரத்துல அங்க இருக்கணும்: கஸ்டமர் சாட், ஒருத்தரோட மெயில் காலண்டர் எல்லாம் பாத்துக்கிற வர்ச்சுவல் அசிஸ்டன்ட், நேரலை டியூஷன். சில வேலைய வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுக் கொடுத்தா போதும், நடுராத்திரி பண்ணீங்களா விடிகாலைல பண்ணீங்களான்னு யாரும் கேக்கப்போறதில்ல: மொழிபெயர்ப்பு, ப்ரூஃப், கணக்கு எழுதுறது, டிசைன், சப்டைட்டில். சின்னக் குழந்தையோ படுத்த படுக்கையா இருக்கிற பெரியவங்களோ வீட்டுல இருந்தா ரெண்டாவது வகைய மட்டும்தான் எடுக்கணும்னு நான் அடிச்சு சொல்லுவேன். விளம்பரத்துல ஃப்ளெக்சிபிள்னு போட்டிருந்தாலும், தினமும் எத்தன மணிக்கு நான் ஆன்லைன்ல இருக்கணும், ஒரு மெசேஜுக்கு எவ்வளவு நேரத்துல பதில் எதிர்பாப்பீங்கன்னு இந்த ரெண்டையும் கேட்டுடுங்க. பதில்லயே தெரிஞ்சுடும்.

ஜிஎஸ்டி, டேலி கணக்கு

பி.காம் படிச்சுட்டு வீட்டுல இருக்கிறவங்க நம்ம ஊர்ல எவ்வளவு பேரு! அவங்களுக்கு இத விட பொருத்தமான வேலை எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஏன்னா இந்த வேலைக்கு தேதி முன்னாடியே தெரியும், வருஷம் பூரா அதே தேதிதான். மாசா மாசம் ரிட்டர்ன் போடுற வியாபாரிக்கு ஜிஎஸ்டிஆர் 1, அதாவது வித்த பில்லோட விவரம், அடுத்த மாசம் 11ஆம் தேதிக்குள்ள போகணும், 14ஆம் தேதி 2பி, அதாவது நமக்கு வித்தவங்க காட்டின பில்லோட பட்டியல், வந்துடும், அத வச்சு பர்ச்சேஸ் பில்ல ஒத்துப் பாத்து 20ஆம் தேதிக்குள்ள 3பி, அதாவது மொத்தக் கணக்கும் வரியும், போடணும். வருஷ வியாபாரம் 5 கோடிக்குள்ள இருக்கிறவங்க மூணு மாசத்துக்கு ஒருதடவ போடுற முறைய எடுத்திருந்தா நம்ம தமிழ்நாட்டுக்கு 3பி கடைசி தேதி 22. அரசாங்கம் அப்பப்ப தேதிய நீட்டிக்கும், அத நம்பி உக்காராதீங்க. மாசம் பொறந்ததுல இருந்து 20 வரைக்கும் வேலை நெருக்கும், 22க்கு மேல மாசக் கடைசி வரைக்கும் மூச்சு விடலாம். என் நாத்தனார் வீட்டுல காது குத்து, வளைகாப்பு, ஊருக்குப் போறது எல்லாமே மாசக் கடைசிலதான் வைக்கிறாங்க, சொந்தக்காரங்களுக்கே இப்ப அது பழகிடுச்சு.

நேரா கடைக்காரங்கள பிடிக்கிறத விட முதல்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ் வழியா போறது நல்லது. அவங்ககிட்ட எப்பவுமே என்ட்ரி வேலை குவிஞ்சு கிடக்கும், தப்பு வந்தா சொல்லிக் கொடுக்கவும் ஆள் இருக்கும். எங்க பக்கம் சின்ன கடைக்கு மாசம் 500ல ஆரம்பிச்சு 1500 வரைக்கும் வாங்குறாங்க, பில்லு எத்தனன்னு பொறுத்து. நீங்களே நேரா கடை பிடிச்சு பண்ணும்போது ஒரு சின்ன சங்கதி: ரிட்டர்ன் சமர்ப்பிக்கும்போது ஓடிபி முதலாளி போனுக்குத்தான் போகும். மதியம் கடையில கூட்டமா இருக்கும்போது கூப்பிட்டா எடுக்க மாட்டாரு, நீங்க இங்க ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், அதுக்குள்ள புள்ள ஸ்கூல்ல இருந்து வந்துடும். அதனால முதல்லயே பேசிக்கோங்க, அண்ணே காலைல கடை தொறந்ததும் 10 மணிக்குள்ள ஓடிபி கேட்டு கூப்பிடுவேன், எடுத்துடுங்கன்னு. பில்லு போட்டோ எல்லாம் 5ஆம் தேதிக்குள்ள அனுப்பணும்ங்கறதையும் அப்பவே சொல்லிடுங்க, இல்லன்னா 10ஆம் தேதி ராத்திரி 11 மணிக்கு வாட்ஸாப்புல நாப்பது போட்டோ வரும்.

டேலி மறந்து போச்சுன்னு பயப்பட வேண்டாம், கைக்கு வந்துடும். கம்ப்யூட்டர் அடிப்படையே கொஞ்சம் தடுமாற்றமா இருந்தா ஐஐடி பாம்பேல உருவான ஸ்போக்கன் டுடோரியல் தளத்துல லிப்ரே ஆபீஸ் மாதிரி பாடம் எல்லாம் தமிழ்லயே இலவசமா இருக்கு.

மொழிபெயர்ப்பு, ப்ரூஃப்

தமிழும் இங்கிலீஷும் நல்லா தெரிஞ்சா போதும்னு நினைச்சு நிறைய பேரு வர்றாங்க. போதாது, ஆனா அதுதான் ஆரம்பம். முதல் வேலையா யுனிகோடுல, அதாவது எந்த கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியுற எழுத்து முறையில, வேகமா டைப் பண்ணப் பழகுங்க, முடிஞ்சா தமிழ்99 கீபோர்டு, கொஞ்ச நாள் கை இழுக்கும், அப்புறம் விட மாட்டீங்க. பதிப்பகங்கள்ல இன்னமும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல ஃபைல் வரும், அத யுனிகோடுக்கு மாத்தும்போது எந்தெந்த எழுத்து உடையுதுன்னு பாத்து வச்சுக்கோங்க, ஏன்னா அந்த உடைஞ்ச எழுத்த கண்டுபிடிக்கிறதுதான் ப்ரூஃப் வேலையில பாதி. மீதி பாதி ஒற்றுப்பிழை. நீச்சல்காரன்ங்கறவர் உருவாக்கின வாணிங்கற கருவி எழுத்துப்பிழைக்கும் நாவிங்கற கருவி சந்திப்பிழைக்கும் உதவும், ஆனா அதுல போட்டு எடுத்தத அப்படியே கொடுக்காதீங்க, ஒருதடவ கண்ணால படிங்க.

தமிழ்ப் பதிப்பகங்களுக்கு சீசன்னு ஒண்ணு உண்டு. சென்னை புத்தகக் கண்காட்சி பொங்கல் சமயத்துல நடக்கும், அதுக்குள்ள புத்தகம் வெளிய வரணும்னு எல்லாரும் ஓடுவாங்க, அதனால செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ப்ரூஃபுக்கு ஆள் தேடுவாங்க. ஆகஸ்ட்லயே போய் கேட்டு வைங்க. காசு கம்மியாத்தான் இருக்கும், ஆனா நாலு புத்தகத்துல கை வச்சா அத வச்சு அடுத்த இடத்துல பேசலாம். காலாண்டு, அரையாண்டு பரீட்சை ரெண்டும் இந்த சீசனுக்குள்ளதான் வரும்ங்கறதையும் மனசுல வச்சுக்கிட்டு தேதி கொடுங்க. இங்கிலீஷ் நல்லா இருக்கிறவங்க சென்னை, புதுச்சேரி பக்கம் வெளிநாட்டு ஜர்னல்களுக்கு காப்பி எடிட்டிங் பண்ற கம்பெனிகள்ல ஃப்ரீலான்ஸ் லிஸ்ட்ல பேர் கொடுக்கலாம், டெஸ்ட் வைப்பாங்க, அதுல பாஸ் ஆகணும்.

மொழிபெயர்ப்புக்கு ப்ரோஸ் டாட் காம்ல (ProZ.com, மொழிபெயர்ப்பாளர்களுக்கான தளம்) ஒரு ப்ரொஃபைல் போடுங்க. அங்க ப்ளூ போர்டுன்னு ஒண்ணு இருக்கு, எந்த ஏஜென்சி ஒழுங்கா காசு கொடுக்குது எது இழுத்தடிக்குதுன்னு மொழிபெயர்ப்பாளர்களே எழுதி வச்சிருப்பாங்க, புது ஏஜென்சிகிட்ட இருந்து மெயில் வந்தா முதல்ல அதுல தேடுங்க. இன்னைக்கு நிலைமையில மெஷின் மொழிபெயர்த்தத திருத்திக் கொடுங்கன்னுதான் நிறைய வேலை வருது, ரேட்டும் அதுக்கு ஏத்த மாதிரி குறைச்சுக் கேப்பாங்க. மெஷின் நல்லா பண்ணியிருந்தா சரி, ஆனா தமிழ்ல பல சமயம் முழு வாக்கியத்தையும் அடிச்சுட்டு புதுசா எழுத வேண்டியிருக்கு. அதனால ஒரு பக்கம் சாம்பிள் பாக்காம ரேட்டுக்கு ஒத்துக்காதீங்க.

டியூஷன், மத்த வேலைங்க

நேரலை டியூஷன் எடுக்கிறவங்க உலக நேரத்த கொஞ்சம் கணக்கு போடணும், அதுலதான் சூட்சுமம் இருக்கு. சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அங்க புள்ளைங்க ஸ்கூல் முடிச்சு வந்து 3 மணிக்கு உக்காந்தா நமக்கு 12.30, நம்ம புள்ளைங்க இன்னும் ஸ்கூல்லதான் இருக்கும். அங்க தமிழ் ஆட்சிமொழி, ஸ்கூல்ல தாய்மொழிப் பாடமா படிச்சு பரீட்சை எழுதுறாங்க, அதனால தேவை எப்பவும் இருக்கு, ஆனா அவங்க பாடத்திட்டத்த நீங்க படிச்சுட்டுதான் போகணும், நம்ம ஊர் கோனார் நோட்ஸ் பாணி அங்க செல்லாது. லண்டன் பக்கம்னா அவங்க சாயங்காலம் நமக்கு ராத்திரி 9, 10 மணி ஆயிடும், புள்ளைங்க தூங்கினதுக்கப்புறம் தெம்பு இருக்கிறவங்களுக்கு சரி. அமெரிக்கா கிழக்குப் பக்கம் சனிக்கிழமை காலை 9 மணின்னா நமக்கு கோடையில சாயங்காலம் 6.30, குளிர்காலத்துல 7.30. அடுப்படி நேரம். அத யாராவது பாத்துப்பாங்கன்னா மட்டும் எடுங்க.

டிசைன் தெரிஞ்சவங்க அமேசான், கூகுள்னு யோசிக்காம உங்க தெரு ஸ்வீட் ஸ்டால், பொட்டிக், பல் ஆஸ்பத்திரில ஆரம்பிங்க, மாசம் இத்தன போஸ்டர்னு ஒரு தொகை பேசிக்கலாம். மெடிக்கல் கோடிங், அதாவது ஆஸ்பத்திரி சிகிச்சை விவரத்த பில்லுக்கான குறியீடா மாத்துற வேலைக்கு, சென்னையில நிறைய கம்பெனி இருக்கு, அதுக்குன்னே உள்ள சிபிசி சர்டிஃபிகேட் இருந்தா மதிப்பு, ஆனா அது பெரும்பாலும் ஷிஃப்ட் போட்டு பாக்குற வேலைதான், வீட்டுல இருந்து பாத்தாலும் நேரம் அவங்களோடது. ஏஐ கம்பெனிகளுக்கு தமிழ் ஆடியோ, தமிழ் பதில்கள சரிபாக்குற வேலை வருது, வந்தா வாங்கிக்கலாம், ஆனா திடீர்னு நின்னுடும், அத மட்டும் நம்பி வீட்டு வாடகைக்கு கணக்கு போடாதீங்க. வெறும் டைப்பிங், கேப்சா வேலைன்னு எதுவும் நல்ல வழியில கிடைக்கிறதா எனக்குத் தெரியல, அதப் பத்தி கீழ எழுதியிருக்கேன்.

யார்கிட்ட கேக்குறது

எல்லாரும் முதல்ல அப்வொர்க், ஃபைவர் மாதிரி ஃப்ரீலான்ஸ் தளங்களுக்குத்தான் போறாங்க. போகலாம், ஆனா அது ரெண்டாவது கட்டம். ஃபைவர் நீங்க வாங்குற காசுல 20 சதவீதம் எடுத்துக்கும், அப்வொர்க்ல ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ்ங்கற டோக்கன் செலவாகும், புது ப்ரொஃபைலுக்கு ரிவ்யூ இல்லாம வேலை வராது, வேலை இல்லாம ரிவ்யூ வராது. முதல் ரெண்டு க்ளையன்ட் பெரும்பாலும் உங்கள ஏற்கனவே தெரிஞ்சவங்க வழியாத்தான் வருவாங்க. பழைய மேனேஜர், கூட வேலை பாத்து இப்ப வேற கம்பெனிக்குப் போனவங்க, காலேஜ் வாட்ஸாப் குரூப், புள்ள படிக்கிற ஸ்கூல்ல மத்த பேரன்ட்ஸ். வேலைய விட்டு ரொம்ப நாள் ஆச்சே இப்ப போய் எப்படி கேக்குறதுன்னு கூச்சப்படாதீங்க, உங்க வேலை எப்படின்னு நேர்ல பாத்தவங்க அவங்கதான். கேப்புக்கு அப்புறம் திரும்பி வர்ற பெண்களுக்குன்னே ஹெர்கீ, பகுதி நேரத்துக்கு ஃப்ளெக்சிபீஸ் மாதிரி தளங்களும் இருக்கு, அதுலயும் பேர் போட்டு வைங்க.

கேக்கும்போது 'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க'ன்னு அனுப்பாதீங்க. அந்த மெசேஜ்ஜ படிக்கிறவருக்கு உங்களுக்காக யோசிக்கணும்னு ஒரு வேலை வந்துடும், அதனால ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு மறந்துடுவாரு. இப்படி அனுப்பிப் பாருங்க:

"வணக்கம் சார். நான் பி.காம், முன்னாடி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல மூணு வருஷம் டேலி பாத்தேன். இப்ப வீட்டுல இருந்து பில் என்ட்ரியும் 2பி மேட்சிங்கும் பண்ணித் தர்றேன். திங்கள்ல இருந்து வெள்ளி காலை 10ல இருந்து 1 மணி வரைக்கும் வேலை பாப்பேன், அன்னைக்கு அனுப்புற பில் மறுநாள் மதியத்துக்குள்ள முடிஞ்சுடும். உங்க ஆபீஸ்ல ஒரு கடையோட ஒரு மாச பில்ல கொடுத்துப் பாருங்க, சரியா இருந்தா மேற்கொண்டு பேசலாம்."

என்ன தெரியும், எப்ப பாப்பீங்க, எப்ப முடியும், அவர் அடுத்து என்ன பண்ணணும், எல்லாம் இதுல வந்துடுச்சு. குடும்ப நிலைமைய இதுல சொல்ல வேண்டியதில்ல. நேரத்த மட்டும் தெளிவா சொன்னா போதும், அதுக்கு காரணம் அவருக்குத் தேவையில்ல. பதில் வரலன்னா ஒரு வாரம் கழிச்சு ஒருதடவ ஞாபகப்படுத்துங்க, அப்புறம் விட்டுட்டு அடுத்த ஆள பாருங்க.

ரேட்டு

வார்த்தைக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவுன்னு சொல்றாங்க, அத மணிக்கு இவ்வளவுன்னு மாத்திப் பாத்தாத்தான் உண்மை தெரியும். 2000 வார்த்தை மொழிபெயர்ப்பு, வார்த்தைக்கு 80 பைசா, மொத்தம் 1600 ரூபா. புதுசா பண்றவங்க மணிக்கு 300 வார்த்தை போனா முதல் வரைவுக்கே கிட்டத்தட்ட 7 மணி நேரம், திரும்பப் படிச்சு திருத்த 2 மணி நேரம், மெயில், சந்தேகம் கேக்குறது, ஃபைல் சரி பண்றதுன்னு 1 மணி நேரம். ஆக 10 மணி நேரம், மணிக்கு 160 ரூபா. இது பரவாயில்லையா இல்லையான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், ஆனா இந்தக் கணக்கு தெரியாம ஒத்துக்கக் கூடாது. ஒரே துறையில தொடர்ந்து பண்ணா, உதாரணத்துக்கு ஆஸ்பத்திரி ஒப்புதல் படிவம் மட்டும்னு வச்சுக்கோங்க, அதே வார்த்தைங்க திரும்பத் திரும்ப வரும், வேகம் கூடும், அதே ரேட்டுலயே மணிக்கு கிடைக்கிறது ஏறும். அதனாலதான் எல்லாம் பண்ணுவேன்னு போர்டு வைக்கிறத விட ஒண்ண பிடிச்சுக்கிறது நல்லது.

வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துலதானே பண்றீங்க, கொறச்சுக்கோங்கன்னு கேக்குறவங்க வருவாங்க. உங்க நேரம் சும்மா இருந்த நேரம் இல்ல, அத நீங்க தூக்கத்துல இருந்தும் ஓய்வுல இருந்தும் எடுத்திருக்கீங்க. குறைக்கணும்னா வேலையையும் குறைங்க, 20 போஸ்டருக்கு பதிலா 12ன்னு. வெறும் காச மட்டும் குறைக்காதீங்க.

ஏமாத்துறவங்க

வீட்டுல இருக்கிறவங்கள குறி வச்சே இது நடக்குது, அதனால கோவத்தோடதான் எழுதுறேன். முதல் வகை, டைப்பிங் வேலை. ஒரு பக்கத்துக்கு 40 ரூபான்னு சொல்லுவாங்க, ஆன்லைன்ல ஒரு அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்குவாங்க, 7 நாள்ல 500 பக்கம், 98 சதவீதம் தப்பில்லாம இருக்கணும்னு அதுல சின்ன எழுத்துல இருக்கும். ராத்திரி பகலா அடிச்சுக் கொடுத்ததும் தப்பு அதிகம்னு சொல்லிட்டு, அக்ரிமென்ட் மீறினதுக்கு 6000 கட்டு, இல்லன்னா கேஸ்னு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒண்ணு வாட்ஸாப்புல வரும், கோர்ட் முத்திரை எல்லாம் போட்டிருக்கும். நம்ம வீட்டுப் பொண்ணுங்க பயந்து, வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதுன்னு நகைய வச்சு கட்டுறாங்க. கட்டாதீங்க. கோர்ட் சம்மன் வாட்ஸாப்புல மிரட்டிக்கிட்டு இத்தன ஆயிரம் ஜிபே பண்ணுன்னு வராது. வந்த மெசேஜ், நம்பர் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு 1930க்கு கூப்பிடுங்க, தேசிய சைபர் க்ரைம் உதவி எண் அது, ஆன்லைன்லயும் புகார் கொடுக்கலாம். காசு போயிருந்தா எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவு நல்லது. வீட்டுலயும் சொல்லிடுங்க, இது உங்க தப்பு இல்ல.

ரெண்டாவது டெலிகிராம் டாஸ்க். வீடியோவுக்கு லைக் போட்டா 50 ரூபான்னு முதல்ல நெஜமாவே அனுப்புவாங்க, நம்பிக்கை வந்ததும் ப்ரீபெய்டு டாஸ்க்குன்னு உங்ககிட்ட இருந்து காசு வாங்க ஆரம்பிப்பாங்க, ஆயிரத்துல ஆரம்பிச்சு லட்சத்துல போய் நிக்கும். மூணாவது, உங்க பேங்க் அக்கவுன்ட்ட பயன்படுத்திக்கிறோம், கமிஷன் தர்றோம்பாங்க. அது திருட்டுக் காசு போற வழி, அக்கவுன்ட்ட முடக்கி போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். வேலைக்காக நீங்க காசு கட்ட வேண்டியிருந்தா, அது ரெஜிஸ்ட்ரேஷனோ ட்ரெய்னிங்கோ ஐடி கார்டோ எதுவா இருந்தாலும், அங்கேயே விட்டுடுங்க.

நெஜமான கம்பெனியும் சாம்பிள் டெஸ்ட் கேக்கும், அது 250, 300 வார்த்தைக்குள்ள இருந்தா பண்ணலாம். முழு அத்தியாயத்தையே டெஸ்ட்டுன்னு அனுப்பினா அதுக்கு காசு கேளுங்க.

காசு, வரி

புது க்ளையன்ட்னா பாதி அட்வான்ஸ், இல்லன்னா வேலைய பிரிச்சு முதல் பகுதிக்கு காசு வந்ததும் அடுத்தது. வேலை என்ன, எத்தன தடவ திருத்தித் தருவீங்க, எப்ப காசு வரணும், இத ஒரு மெயில்ல எழுதி 'சரி'ன்னு பதில் வாங்கிடுங்க, அதுவே உங்களுக்கு சாட்சி. உத்யம்ங்கற சின்னத் தொழிலுக்கான அரசாங்கப் பதிவு இலவசம், அரசாங்க தளத்துல ஆதார், பான் வச்சு நீங்களே பண்ணலாம், அதுக்கு காசு கேக்குற ஏஜென்ட் தளங்கள நம்பாதீங்க. அதுல குறுந்தொழில்னு பதிவு ஆயிட்டா, எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி உங்களுக்கு காசு தர வேண்டிய கம்பெனி எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல, இல்லன்னா 15 நாள்ல தரணும், தாமதமானா வட்டியும் உண்டு. இன்வாய்ஸ்ல உத்யம் நம்பர போட்டாலே சில அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் சீக்கிரம் அனுப்பிடுறாங்க.

கம்பெனி டிடிஎஸ், அதாவது காசு கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி, பிடிச்சா பயப்பட வேண்டாம், புரொஃபஷனல் வேலைக்கு பொதுவா 10 சதவீதம், ஏப்ரல் 2025ல இருந்து ஒரே கம்பெனில வருஷத்துக்கு 50,000 தாண்டினாத்தான் பிடிப்பாங்க. பான் கொடுக்கலன்னா 20 சதவீதம் போயிடும். பிடிச்சது வருமான வரி தளத்துல உங்க பேர்ல வந்திருக்கான்னு பாத்து, ரிட்டர்ன் போட்டா வரி இல்லாதவங்களுக்கு அந்தக் காசு திரும்பி வரும், நிறைய பேரு ரிட்டர்ன் போடாம அத விட்டுடுறாங்க. வருஷ வரவு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவா தேவைப்படாது. வெளிநாட்டுக் காசு பேபால் இல்லன்னா பேயோனீர் வழியா வரும், நம்ம ஊருக்குள்ள இருந்து பேபால்ல காசு வாங்க முடியாது, 2021 ஏப்ரலோட நின்னுடுச்சு. வெளிய இருந்து வந்த காசுக்கான ரசீத மாசா மாசம் டவுன்லோட் பண்ணி ஒரு ஃபோல்டர்ல வைங்க.

வீட்டுல பேசுறது

வேலை கிடைக்கிறத விட இதுதான் கஷ்டம்னு சொல்றவங்க அதிகம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வீட்டுல இருக்கிறதால எப்ப வேணா எழுந்திருக்கலாம்னு எல்லாரும் நினைப்பாங்க, கூரியர் வாங்குறது, கேஸ் சிலிண்டர், மதியம் வர்ற விருந்தாளிக்கு காபி. அத்தைகிட்ட எனக்கு வேலை இருக்குன்னு பொதுவா சொன்னா பதியாது. 10ல இருந்து 12.30 வரைக்கும் கதவு சாத்தியிருக்கும் அத்தை, அவசரம்னா தட்டுங்க, மத்தது 12.30க்கு சொல்லுங்கன்னு நேரத்த சொல்லுங்க, 12.30க்கு நீங்களும் கண்டிப்பா வெளிய வந்துடுங்க. நாம சொன்ன நேரத்துக்கு வெளிய வர்றத அவங்க பாத்தாத்தான் உள்ள இருக்கிற நேரத்த விட்டுக் கொடுப்பாங்க. வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்கன்னு கேக்காதீங்க, ராத்திரி பாத்திரம் உங்களோடது, செவ்வாய் வியாழன் புள்ள ஹோம்வொர்க் உங்களோடதுன்னு பிரிச்சுக்கோங்க. முதல்ல வர்ற காசுல ஒரு பகுதிய காய் நறுக்கவோ வீடு துடைக்கவோ ஆள் வைக்கிறதுக்கு ஒதுக்குறது வீண் செலவு இல்ல, அதுல மிச்சமாகிற நேரத்துலதான் அடுத்த வேலை வரும்.

எல்லாரும் பாக்குற இடத்துல ஒரு காலண்டர மாட்டி, டெலிவரி தேதிய சிவப்புல எழுதுங்க, அதே காலண்டர்ல பரீட்சை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ஈபி மாசாந்திர பராமரிப்புக்கு கரன்ட் நிறுத்துற நாள் எல்லாத்தையும் எழுதுங்க. அன்னைக்கு காலைலயே லேப்டாப் முழு சார்ஜ், வைஃபை ரவுட்டருக்கு சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கி வச்சா இன்னும் நல்லது. க்ளையன்ட்கிட்ட தேதி சொல்லும்போது நீங்க முடிப்போம்னு நினைக்கிறதுக்கு ரெண்டு நாள் தள்ளியே சொல்லுங்க, குழந்தை இருக்கிற வீட்டுல அந்த ரெண்டு நாள் எப்படியும் எங்கயாவது போயிடும்.

அப்படியும் காய்ச்சல் வந்துடும். அப்ப மறைக்காம, கெடு தேதி வர்ற வரைக்கும் காத்திருக்காம, தெரிஞ்ச உடனே எழுதிடுங்க: "மேடம், வீட்டுல உடம்பு சரியில்லாததால வியாழன் தர வேண்டியது சனி மதியம் தர்றேன். முடிஞ்ச 12 பக்கம் இப்பவே அனுப்புறேன். சனி உங்களுக்கு தாமதம்னா சொல்லுங்க, மீதிய யார்கிட்டயாவது மாத்திக்கொடுக்க ஏற்பாடு பண்றேன்." இதுக்கு உங்கள மாதிரியே வேலை பாக்குற இன்னொரு ஆள் தெரிஞ்சிருக்கணும், அவசரத்துக்கு நீங்க அவங்களுக்கு, அவங்க உங்களுக்கு. க்ளையன்ட்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு, ரகசியமான ஃபைலா இல்லையான்னு பாத்துட்டு மட்டும் மாத்துங்க. அப்படி ஒருத்தர இப்பவே தேடி வைங்க, முதல் வேலை கைக்கு வர்றதுக்கு முன்னாடியே.